ஒரு சோறு பதம் ஆகுமா?

(மாட்டுங்காவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ, அவர் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நான் அவரிடம் படித்ததில்லை. என் கொழுந்தனார் படித்தார். விடை சரியாக வந்திருந்தாலும் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்து, "இதையே வேற வழியில போட்டுக் காட்டு" என்பாராம். அதற்குப் பிரம்படியே தேவலை என்று பிள்ளைகள் நினைத்ததாகக் கொழுந்தனார் சொல்வார்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பாறையைக் கரைத்து, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவள். செம்பூரில் எங்கள் கட்டடத்துப் பெண்களிடம் "கெமிஸ்ட்" என்று சொல்லிவைத்திருந்தேன். மருந்துக் கடை என்று நினைத்துக்கொண்டு ஜுரத்துக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது. "அருமண், அருமண்ணு தினமும் பேப்பர்ல வருதே, நீங்க அதுலதானே இருந்தீங்க?" என்று லிஃப்டில் விசாரிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து இந்த விசாரிப்பு அதிகம். அந்த ஏழில் டிஸ்புரோசியமும் டெர்பியமும் உண்டு. மின்சாரக் காரின் மோட்டாரில் இருக்கும் காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் இருக்க அவை வேண்டும்.

பேப்பரில் வரும் எண்களைப் பாருங்கள். அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவின் அருமண் இருப்பு 69 லட்சம் டன். உலகத்தில் மூன்றாம் இடம். நம் அரசு 2025இல் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு வேறு மாதிரி: கடற்கரை, தேரி, ஆற்று மணல்களில் 1.31 கோடி டன் மோனசைட் கனிமம், அதற்குள் 72.3 லட்சம் டன் அருமண் ஆக்சைடு. குஜராத், ராஜஸ்தான் கடும்பாறைகளில் இன்னும் 12.9 லட்சம் டன். இவ்வளவு வைத்திருக்கும் நாடு 2024இல் எடுத்தது சுமார் 2,900 டன். உலகம் எடுத்தது 3.9 லட்சம் டன்.

ஏன் எடுக்கவில்லை என்பது வேறு கூட்டத்தில் பேச வேண்டியது. பூமிக்குள் கிடப்பதை யார் எப்படி எண்ணினார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பெயர். 'அருமண்' என்பதில் இரண்டு பாதியுமே தப்பு. மண் என்றால் தோட்டத்து மண் அல்ல; பழைய ரசாயனத்தில் ஆக்சைடுகளை மண் என்று சொல்லும் வழக்கம், அது ஒட்டிக்கொண்டது. அரியதும் அல்ல. சீரியம் பூமியின் மேலோட்டில் செம்பைவிடக் குறைவில்லை. கூட்டத்திலேயே மிகக் குறைவான லூட்டீசியம்கூடத் தங்கத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இவை ஓரிடத்தில் திரளாமல் எல்லாக் கல்லிலும் கொஞ்சம் கொஞ்சம் சிதறிக் கிடக்கும். திரண்டாலும் தனித்தனியாக வராது. மொத்தக் குடும்பமும் ஒரே வண்டியில் வரும். லாந்தனத்திலிருந்து லூட்டீசியம் வரை பதினைந்து பேர், கூடவே இட்ரியமும் ஸ்காண்டியமும். 1794இல் காடொலின் என்பவர் ஸ்வீடனில் இட்டர்பி என்ற கிராமத்துக் கருங்கல்லில் தொடங்கிய வேலை, ஒவ்வொருவரையும் பிரித்துப் பெயர் சூட்டி முடிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்த ஒரு கிராமத்தின் பெயரையே நான்கு தனிமங்களுக்கு வைத்தார்கள்.

நம் ஊர்க் கதை மணவாளக்குறிச்சியில் தொடங்குகிறது. அரங்கில் நாகர்கோவில்காரர்கள் இருப்பீர்கள். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அப்போது உலகத்துக்கு வேண்டியிருந்தது தோரியம். விளக்குக்கு மேன்டில் செய்ய. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு தோரிய ஆக்சைடு, ஒரு பங்கு சீரிய ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் வெளிச்சம் வராது. 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்தில் கசக்கி உதிர்த்தாரே, அந்த மேன்டில்தான். தமிழ்த் திரையில் அருமண் நடித்த ஒரே காட்சி அது என்று நினைக்கிறேன்.

1950இல் இந்த மணலுக்காகத்தான் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இங்கேதான் பிரபாதேவியில், சித்தி விநாயகர் கோயில் பக்கத்தில். செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்றவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கலாம்.

மணலில் கணக்குப் போடுவது ஒப்பீட்டளவில் சுலபம். கடலே அரைத்து, அலசி, கனமானதை ஒதுக்கி வைத்திருக்கிறது. பாறை அப்படியில்லை. இனி பாறைக்கு வருகிறேன்.

பம்பாய் நின்றுகொண்டிருப்பது எரிமலைக் குழம்பின் மேல். தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் பாய்ந்தது. அந்தேரியில் கில்பர்ட் ஹில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செங்குத்துக் கம்பங்களாக நிற்கும் கறுப்புக் கல். அந்தக் குழம்பின் கடைசிக் காலத்தில், வடக்கே நர்மதைக்குப் பக்கத்தில், இப்போதைய சோட்டா உதேபூர் மாவட்டத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. சிலிகா குழம்புக்குப் பதில் சுண்ணாம்புக் குழம்பு மேலே வந்தது. பார்க்கக் கடலடிச் சுண்ணாம்புக்கல் மாதிரியே இருக்கும், ஆனால் பிறந்தது நெருப்பில். கார்பனடைட் என்பார்கள். இடத்தின் பெயர் அம்பாடுங்கர். டுங்கர் என்றால் குஜராத்தியில் குன்று. அம்பா என்பதை மாமரம் என்றும் கொள்ளலாம், தேவி என்றும் கொள்ளலாம்.

அதைக் கார்பனடைட் என்று 1963இல் உலகத்துக்கு எழுதியவர்கள் இருவர்: சுகேஸ்வாலா, உதாஸ். சுகேஸ்வாலா நம் செயின்ட் சேவியர் கல்லூரியின் நிலவியல் பேராசிரியர். உதாஸ் அணுசக்தித் துறையின் கனிமப் பிரிவுக்காரர். ஒரு கல்லூரி வாத்தியார் மாணவர்களோடு குன்றேறித் திரிந்த காலம் அது. தமிழ்நாட்டிலும் கார்பனடைட் உண்டு. திருப்பத்தூர் பக்கம் செவத்தூர், தருமபுரிப் பக்கம் ஒகேனக்கல். அவை இதைவிடப் பல மடங்கு வயதானவை. இங்கே நிறுத்திக்கொள்கிறேன், நிலவியலில் இறங்கினால் வெளியே வர மாட்டேன்.

நாம் நிற்கும் பம்பாய்க் கல்லில் ஒரு டன்னுக்கு லாந்தனம் பத்து இருபது கிராம் இருக்கும். அம்பாடுங்கரில் அருமண் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஒன்றைத் தொடும், சில இடங்களில் தாண்டும். இந்த 'தொடும்', 'தாண்டும்' என்பதை எப்படிச் சொல்கிறோம்?

துளை போடுகிறார்கள். உள்ளிருந்து உலக்கைப் பருமனில் கல் தண்டு வருகிறது, கோர் என்போம். வழக்கமான ஓர் அளவில் விட்டம் 47.6 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தண்டு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், பின்னால் சண்டை வந்தால் பார்க்க. மறு பாதியை இடித்து, அரைத்து, முகப்பவுடர் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதிலிருந்து என் மேசைக்கு வருவது ஒரு சின்னக் குப்பி. அதிலிருந்து நான் தராசில் நிறுத்துக் கரைப்பது 0.1 கிராம்.

இப்போது பின்னோக்கிப் பெருக்குங்கள். துளைகள் 50 மீட்டருக்கு ஒன்று என்றால், ஒவ்வொரு மீட்டர் தண்டும் 50க்கு 50 பரப்பில் ஒரு மீட்டர் தடிமன் பாறைக்காகப் பேசுகிறது. 2,500 கன மீட்டர்; சுமார் 6,750 டன். நான் கரைத்த 0.1 கிராம், தன்னைப்போல 6,750 கோடி மடங்குக்குச் சாட்சி சொல்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர்கள் சொன்னதை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் சொல்லித்தருவேன். கூடவே ஒன்று கேட்பேன்: பானையைக் கிண்டினாயா? அடியில் குழைந்து மேலே விதையாக இருக்கும் சோற்றில் எந்தப் பருக்கையை எடுத்தாலும் பொய்தான் சொல்லும். வீட்டில் செய்து பாருங்கள். ரவையில் கொஞ்சம் கடுகைக் கலந்து, டப்பாவை மூடி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சயானிலிருந்து செம்பூர் வரை போங்கள். பெஸ்ட் பஸ் போதும், வேறு கருவி வேண்டாம். இறங்கித் திறந்தால் கலந்தது கலந்தபடி இருக்காது. மோனசைட் தண்ணீரைப்போல ஐந்து மடங்கு கனம்; குவார்ட்ஸ் இரண்டேமுக்கால் மடங்குக்கும் குறைவு. ரயிலில் குலுங்கி வந்த குப்பியில் மேலாக ஒரு கரண்டி எடுத்தவன் ஒரு மலையையே ஏழையாக்கிவிடுவான்.

அதனால் கூம்பு கட்டி நான்காகப் பிரிப்போம். பொடியை விரிப்பில் கூம்பாகக் கொட்டி, தட்டையாக்கி, நான்கு கூறு போட்டு, எதிரெதிர்க் கூறு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கூம்பாக்குவோம். தாராவி கும்பார்வாடாவில் குயவர்கள் களிமண்ணைக் காலால் மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டி ஒன்று தங்கினாலும் சூளையில் பானை வெடிக்கும். எங்களுக்கு வெடிக்காது. அதுதான் ஆபத்து. தப்பான எண்ணும் சரியான எண் மாதிரியே நான்கு தசமத்தோடு தாளில் வந்து உட்காரும்.

கரைத்த பிறகு அளக்கும் கருவி. ஐசிபி மாஸ் என்று சுருக்கிச் சொல்வோம். ஆர்கான் வாயுவை ஆறாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கவைத்த சுடரில் கரைசலைப் பீய்ச்சினால், அணுக்கள் மின்னூட்டம் பெற்று ஓடும்; எடைவாரியாகப் பிரித்து எண்ணிவிடலாம். பதினான்கு பேரையும் இரண்டு மூன்று நிமிஷத்தில். பதினைந்தாமவரான புரொமீத்தியம் கதிரியக்கத்தில் அழிந்துவிடுவதால் கல்லில் தேடுவதில்லை.

வந்த எண்களை அப்படியே வரைந்தால் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். அணு எண் இரட்டைப்படையாக உள்ளவை எப்போதும் அதிகம், பக்கத்து ஒற்றைப்படைக்காரர்கள் குறைவு. அது நட்சத்திரங்களுக்குள் அவை சமைந்த விதம். அதனால் ஒவ்வோர் எண்ணையும் பழமையான விண்கல்லில் உள்ள அதே தனிமத்தின் அளவால் வகுப்போம். வகுத்தவுடன் ரம்பம் மறைந்து, வழுவழுவென்று ஒரு கோடு வரும். கல்லுக்குக் கல் அதன் சாய்வு மாறும், வழுவழுப்பு மாறாது. பதினான்கு பேரும் கைகோத்து நிற்பதால், ஒருவர் மட்டும் வரிசையை விட்டுத் துள்ளினால் உடனே தெரியும். துள்ள நியாயமான காரணம் இரண்டு பேருக்கு உண்டு, சீரியத்துக்கும் யூரோப்பியத்துக்கும். மற்றவர் துள்ளினால் தப்பு ஆய்வகத்தில் என்று நேரே சொல்லிவிடலாம்.

ஒருமுறை அம்பாடுங்கர்க் கல்லில் யூரோப்பியம் வானத்துக்கு ஏறி நின்றது. கூட இருந்த இளைஞருக்கு ஒரே சந்தோஷம், கட்டுரை எழுதவே உட்கார்ந்துவிட்டார். நான் பேரியம் எவ்வளவு என்று கேட்டேன். அந்தக் குன்றில் பேரைட் என்ற பேரியக் கனிமம் ஏராளம். பேரியத்தின் 135 எடை அணு சுடருக்குள் ஆக்சிஜன் 16ஐக் கட்டிக்கொண்டால் 151. யூரோப்பியத்தின் எடையும் 151. யூரோப்பியத்துக்கு இன்னொரு ஐசோடோப்பு உண்டே, 153, அதைப் பார்க்கலாமே என்றால், 137 எடைப் பேரியம் அதே ஆக்சிஜனோடு சேர்ந்து அங்கேயும் போய் நிற்கும். இரண்டு வாசலிலும் ஒரே ஆள் மாறுவேஷத்தில். பேரியத்தை மட்டும் தனியாகச் செலுத்தி, எவ்வளவு வேஷம் போடுகிறது என்று அளந்து கழித்தோம். யூரோப்பியம் வரிசைக்குத் திரும்பியது. கட்டுரை போயிற்று. இளைஞர் இரண்டு நாள் என்னோடு டீ குடிக்கவில்லை.

இந்தக் கோட்டின் மேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பொய்யர் ஒருவர் நுழைந்தால் குடும்பமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வேன். இனி, அந்த நம்பிக்கையில் நான் செய்த தப்பு.

ஜூலை மாசம். காலையிலிருந்து மழை. இருபத்துநாலு மாதிரிகளைக் கரைத்துக்கொண்டிருந்தேன். சிலிகாவைப் போக்க ஹைட்ரோபுளூரிக் அமிலம் போடுவோம், பிறகு பெர்குளோரிக் அமிலம் விட்டு, அடர்ந்த வெள்ளைப் புகை எழும்பி அடங்கும்வரை காய்ச்ச வேண்டும். புளூரைடு முழுக்க வெளியேற அதுதான் வழி. ஒருமுறை போதாது என்றால் இரண்டாம் முறை. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர் என்று யாரோ சொன்னார்கள். ஹார்பர் லைன் நின்றால் செம்பூர் போய்ச் சேர நடுராத்திரி ஆகும். இரண்டாம் காய்ச்சலை விட்டுவிட்டேன்.

மறுநாள் கரைசல்கள் தெளிவாகத்தான் இருந்தன. சில டெஃப்லான் குவளைகளின் அடியில் அரிசி களைந்த தண்ணீர் வற்றினாற்போல ஒரு படலம். சிலிகா மிச்சம் என்று நினைத்தேன். அளந்தேன். கோடு வழுவழு. கூடவே கரைத்த ஹவாய் எரிமலைப் பாறைப் பொடி, உலகமெங்கும் ஆய்வகங்கள் ஒப்புக்கு வைத்துக்கொள்ளும் பொடி, அதன் எண்களும் அச்சில் வார்த்தாற்போல வந்தன. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அதே பொடியின் இரட்டைப் பொட்டலங்கள் நியூட்ரான் முறைக்குப் போயிருந்தன. அந்த முறையில் கல்லைக் கரைக்கவே வேண்டாம். பொட்டலத்தை அப்படியே அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் அடித்தால் தனிமங்கள் கதிரியக்கம் பெறும். வெளியே எடுத்து ஒவ்வொன்றின் காமாக் கதிரையும் எண்ணலாம். டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிய காலம் தொட்டு நம் நாட்டில் வளர்ந்த கலை. அவசரக்காரர்களுக்கு ஆகாது. லாந்தனத்தின் கதிர் 40 மணி நேரத்தில் பாதியாகும், சீரியத்துடையது ஒரு மாசத்தில், டெர்பியத்துடையது 72 நாளில். ஆரவாரம் செய்பவர்கள் அடங்கக் காத்திருந்து, மெல்லப் பேசுகிறவர்களை அப்புறம் கேட்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து விடை வந்தது. எட்டு மாதிரிகளில் என் எண் அவர்கள் எண்ணில் பாதிதான்.

அம்பாடுங்கரில் புளூரைட் சுரங்கமே உண்டு; ஊதா நிறக் கல். கல்லிலேயே புளூரைடு, அதன் மேல் நான் விட்ட அமிலத்திலும் புளூரைடு. அருமண் தனிமங்கள் புளூரைடோடு சேர்ந்தால் கரையாது, வெள்ளையாக அடியில் படியும். சிலிகா என்று நான் நினைத்த படலம்தான் நான் தேடிக்கொண்டிருந்த சரக்கு. பதினான்கு பேரும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் படிந்ததால் மிச்சமிருந்தவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். கோடு வழுவழுப்பாக இருந்ததும் அதனால்தான். ஹவாய்க் கல்லில் புளூரைட் இல்லை. அது எப்படிக் காட்டிக்கொடுக்கும்? என் காவல்காரர்கள் இருவருமே வேறு வாசலைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணை இன்னொரு பத்து முறை என் வழியிலேயே அளந்திருந்தாலும் பாதிதான் வந்திருக்கும், அதே நான்கு தசமத்தோடு. வாத்தியாரின் சிலேட்டை நான் புரிந்துகொண்டது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது.

இது என் ஒருத்தியின் வெட்கம் மட்டுமல்ல. 1951இல் அமெரிக்காவில், ரோட் தீவுக் கிரானைட் ஒன்றையும் வெர்ஜீனியாவின் டயபேஸ் கல் ஒன்றையும் பொடித்து, பல நல்ல ஆய்வகங்களுக்கு அனுப்பிக் கிடைத்த விடைகளைச் சேர்த்து அச்சிட்டார்கள். சிலிகா, அலுமினா மாதிரி எளிய சரக்கிலேயே ஆளாளுக்கு ஒரு விடை. தொழிலே கொஞ்ச நாள் தலைகுனிந்து நடந்தது. குறிப்புக் கற்களை வைத்துக்கொண்டு அளக்கும் பழக்கம் அதற்கப்புறம்தான் வேரூன்றியது.

ராஜஸ்தானின் பாலோத்ரா மாவட்டத்தில் சிவானா கிரானைட்டில் தொல்லை வேறு. அங்கே நமக்கு அதிகம் வேண்டிய கனமான அருமண்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு பங்கு சிர்க்கான் போன்ற பிடிவாதக் கனிமங்களுக்குள். அமிலத்துக்கு மசியாது. லித்தியம் போரேட்டோடு சேர்த்து ஆயிரம் டிகிரியில் உருக்கினால்தான் வாய் திறக்கும். தென்சீனக் களிமண்ணிலோ நேர்மாறு: அருமண் களிமண் துகள் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, அம்மோனியம் சல்பேட் கரைசலில் அலசினாலே வரும். அங்கே மொத்தம் எவ்வளவு என்று அளப்பதில் பிரயோஜனம் குறைவு. அலசினால் எவ்வளவு வரும் என்றுதான் அளக்க வேண்டும். ஒரே தனிமம், மூன்று கல், மூன்று கேள்வி.

ஆகவே 12.9 லட்சம் டன் கடும்பாறையில் என்று படிக்கும்போது எனக்கு உடனே சில கேள்விகள் வரும். துளைக்குத் துளை எவ்வளவு தூரம்? கரைத்தார்களா, உருக்கினார்களா? அதில் டிஸ்புரோசியம் எத்தனை பங்கு, விலைபோகாத சீரியம் எத்தனை பங்கு? அரசு தந்த எண்ணை நான் சந்தேகப்படவில்லை. அதை எடுத்தவர்களில் சிலரோடு சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவள். 'இருக்கிறது' என்பதற்கும் 'எடுக்கலாம்' என்பதற்கும் நடுவில் எத்தனை படி என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தலைப்புச் செய்தி எழுதுகிறவர்தான் ஒரே தாவில் ஏறிவிடுகிறார். அம்பாடுங்கர்க் குன்றைச் சுற்றி ராட்வா பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அது டன் கணக்கு இல்லை.

நூற்றுக்கு ஒன்று உள்ள கல்லுக்காக இவ்வளவு பாடு. இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், தாராவியில், பழைய கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் சுத்தியலால் பிளக்கும் பையன்கள் இருக்கிறார்கள். ஹார்டு டிஸ்கிலிருந்து விழும் பிறை வடிவக் காந்தத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு போல நியோடிமியமும் அதன் உறவுகளும். போன வருஷம் ஒரு பையன் அதில் இரண்டைக் கையில் கொடுத்து, "ஆன்ட்டி, விரல் ஜாக்கிரதை" என்றான். ஒன்றையொன்று கவ்வியதைப் பிரிக்க எனக்கு வலு போதவில்லை. இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவார்களாம். அதை அளந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டான்.

நேரமாகிவிட்டது, வெளியே சுண்டல் வாசனை வருகிறது. மேடைக்குக் கீழே மேசையில் இரண்டு கல் வைத்திருக்கிறேன். கறுப்பு, மாட்டுங்காவில் ஒரு கட்டடப் பள்ளத்தில் பொறுக்கியது. ஊதா வரி ஓடும் வெளிர் நிறக் கல், அம்பாடுங்கர். எடுத்துப் பாருங்கள், குழந்தைகளிடமும் கொடுங்கள். வெளிர் கல்லில் துளி தோரியம் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. சுண்டலைத் தொடுவதற்கு முன் கையை மட்டும் கழுவிவிடுங்கள்.